ஃபோமில் எரிமலைப் பாறை: சென்னையில் கிடைக்கும் பொருள்களோடு ஒரு செய்முறை

சாதாரணப் பாறைக்குப் பெயின்ட் அடிப்பதில் ஒரு கணக்கு உண்டு. வெளிச்சம் மேலிருந்து வருகிறது, ஆகவே மேடு வெளுப்பு, பள்ளம் கறுப்பு. மேசைமேல் பொம்மை வீரர்களை வைத்து ஆடும் டேபிள்டாப் விளையாட்டுக்கு நிலக்காட்சி செய்யத் தொடங்கும் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். எரிமலைப் பாறையில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே விளக்கு பாறைக்குள்ளே இருக்கிறது. ஆழமான விரிசல்தான் பளிச்சென்று எரியும். மேலே வர வர மங்கி, உச்சியில் கரியாக நிற்கும். இது மனதில் பதிந்துவிட்டால் டிவி பெட்டிக்குள் வந்த தெர்மாகோல் துண்டை வைத்துக்கூட நெருப்பைக் காட்டிவிடலாம். பதியாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்துப் பெயின்ட் வாங்கினாலும் கறுப்புக் கல்லில் ஆரஞ்சுக் கோடு இழுத்த மாதிரிதான் தெரியும்.

இந்தக் கட்டுரை ஃபோமைக் கையில் எடுத்தே பார்க்காதவர்களுக்கு. நீங்கள் பொம்மைப் படைகளை மோதவிடும் வார்ஹாமர் 40,000 ஆடுபவராக இருக்கலாம், நண்பர்களுக்குக் கதை சொல்லி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துபவராக இருக்கலாம். மினியேச்சர்கள், அதாவது அந்தப் பொம்மை வீரர்கள், 28 முதல் 32 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் இங்கே சொல்லும் அளவுகள் அப்படியே பொருந்தும். செய்யப்போவது இவ்வளவுதான்: நடுவில் தீக்குழம்பு ஓடும் பெரிய பாறை ஒன்று, நடுத்தரப் பாறை இரண்டு, மேசையில் சிதறவிடச் சின்னக் கற்கள் ஒரு கைப்பிடி. இரண்டு வார இறுதிகள் போதும். அதில் பாதி நேரம் காய்வதற்குக் காத்திருப்பது.

கத்தியை எடுப்பதற்கு முன் கல்லைப் பாருங்கள்

சென்னைக்காரர்களுக்குக் கறுப்புக் கல் என்றால் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்தான் கண்ணில் நிற்கும். அந்தக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இங்கிருந்து போனது. அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். அருமையான கல்தான். ஆனால் அது பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில், பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானது. எரிமலை கக்கிய கல் இல்லை. உடைத்தால் இறுக்கமாக, கனமாக, ஓட்டையே இல்லாமல் இருக்கும். அதைப் பார்த்து ஃபோமை வெட்டினால் செஞ்சிக் கோட்டைப் பக்கத்துக் குன்று வரும், எரிமலை வராது.

குழம்பு உறைந்த கல் வேறு ரகம். ஹவாய்த் தீவுக்காரர்கள் அதில் இரண்டு வகையைப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், உலகம் முழுக்கப் புவியியலாளர்களும் அதையே சொல்கிறார்கள். ஒன்று பாஹோயிஹோயி: வழவழப்பாக, மடிப்பு மடிப்பாக, கயிறு திரித்த வடிவில் உறைந்தது. இன்னொன்று ஆஆ: துண்டு துண்டாக உடைந்து, முள்முள்ளாக, காலை வைத்தால் கிழிக்கும் சரளை. இதைத் தவிர, நிதானமாக ஆறிச் சுருங்கும்போது அறுகோணத் தூண்களாகப் பிளந்த பாறைகளும் உண்டு. உடுப்பிப் பக்கம் மால்பே கடற்கரையிலிருந்து படகில் போனால் வரும் செயின்ட் மேரீஸ் தீவில் அந்தத் தூண்களை நேரில் பார்க்கலாம்.

புதிதாகச் செய்பவர்கள் ஆஆ வகையை எடுத்துக்கொள்ளுங்கள். கரடுமுரடு என்பதால் கை தடுமாறிய இடமும் பாறையாகவே சேர்ந்துகொள்ளும். பாஹோயிஹோயியின் மடிப்புகள் பார்க்க அழகு, ஆனால் ஒரு மடிப்பு தப்பினாலும் கண்ணை உறுத்தும். அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அந்தமான் கடலில் இருக்கும் பாரன் தீவு இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை. நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991-இல் மறுபடி கக்கத் தொடங்கியது. அதன் படங்களையும் ஹவாயின் கிலாவேயா எரிமலைப் படங்களையும் இணையத்தில் எடுத்து, நான்கைந்தை ஃபோனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக் கம்பெனிகளின் விளம்பரப் படங்களைப் பார்த்துச் செய்தால் நகலின் நகல்தான் வரும்.

அளவும் இடமும்

நிலக்காட்சி அழகாக இருந்தால் மட்டும் போதாது, அதன்மேல் ஆட வேண்டும். 28 மில்லிமீட்டர் வீரனை முழுதாக மறைக்க நான்கு சென்டிமீட்டர் உயரம் வேண்டும்; பாதி மறைக்க இரண்டு போதும். பெரிய பாறையை எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். அதற்குமேல் போனால் நடுவில் கை நீட்டி மினியேச்சரை நகர்த்தவே சிரமம். பாறைமேல் ஏறி நிற்பதற்குக் குறைந்தது இரண்டு தட்டையான படிகள் வையுங்கள், ஒவ்வொன்றும் நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறையாமல். 32 மில்லிமீட்டர் பேஸ் (மினியேச்சரின் அடித்தட்டு) அதில் ஆடாமல் நிற்கும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவர்களுக்கு ஒரு கட்டம் ஓர் அங்குலம், அதாவது விளையாட்டில் 5 அடி. குழம்பு ஓடையை சில இடத்தில் ஓர் அங்குலமும் சில இடத்தில் இரண்டு அங்குலமுமாக விடுங்கள். எங்கே தாண்டலாம், எங்கே சுற்றிப் போக வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள். 2014-இல் வந்த டன்ஜன் மாஸ்டர் விதிப்புத்தகத்தில் குழம்பு ஓடையில் இறங்கி நடந்தால் பத்துமுகப் பகடை பத்து உருட்டிச் சேதம் கணக்கிட வேண்டும், மூழ்கினால் பதினெட்டு. அந்தப் பயத்துக்குத் தகுந்த ஓடையாக அது மேசையில் இருக்க வேண்டும்.

பொருள்களும் அவை கிடைக்கும் இடமும்

ஃபோமில் இரண்டு வகைதான் நமக்கு வேண்டியது. ஒன்று தெர்மாகோல். உருண்டை உருண்டையாக மணிகள் தெரியும், ஸ்டேஷனரிக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் அங்கே விற்கும் மெல்லிய, இலேசான ஷீட் வேண்டாம். கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அது பாறைக்கு ஆகாது. ‘ஹெவி டென்சிட்டி’ என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். கல்யாண மேடைக்கு மணமக்கள் பெயரைத் தெர்மாகோலில் வெட்டிக் கொடுக்கிறார்களே, அந்தக் கடைகளில் நல்ல தடிமனான வெட்டுத்துண்டுகள் மூலையில் கிடக்கும். கேட்டால் சொற்ப விலைக்குத் தருவார்கள், சில சமயம் சும்மாவே எடுத்துப் போகச் சொல்வார்கள்.

இன்னொன்று எக்ஸ்.பி.எஸ் போர்டு. மொட்டை மாடியில் வெயில் இறங்காமல் இருக்கத் தளத்தில் பதிப்பார்களே, அந்த இன்சுலேஷன் போர்டு. இளநீலம், ரோஸ், பச்சை என்று கம்பெனிக்கு ஒரு நிறம். மணி மணியாக இல்லாமல் உள்ளே ஒரே சீராக இருக்கும், கத்தி வழுக்கிக்கொண்டு போகும், பிட்டால் கல் உடைந்த முகம் வரும். பெரும்பாலும் 1250க்கு 600 மில்லிமீட்டர் ஷீட்டாக, 25, 50, 75 மில்லிமீட்டர் தடிமனில் வரும். நமக்கு 25-உம் 50-உம் போதும். இன்சுலேஷன் விற்கும் கடைகளில் ஒற்றை ஷீட் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரியிடம் கேளுங்கள். ஓஎம்ஆர் பக்கம் வேலை நடக்காத தெருவே இல்லை, மிச்சத் துண்டுகள் இருக்கும்.

என் கருத்து: கையில் இரண்டும் இருந்தால், வெளியே தெரியும் முகத்துக்கு எக்ஸ்.பி.எஸ், உள்ளே நிரப்ப தெர்மாகோல். தெர்மாகோல் மட்டும்தான் கிடைத்தது என்றாலும் நிறுத்த வேண்டாம். புட்டிப் பூச்சு ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்தால் மணிகள் மறைந்துவிடும்.

அடித்தளத்துக்குப் பலரும் 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையைச் சொல்வார்கள். சென்னை ஈரத்தில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், அது வளையும். ஃபெவிகாலும் பெயின்டும் ஒரு பக்கம் மட்டும் பட்டால் இன்னும் வேகமாக வளையும். எம்டிஎஃப் தான் என்றால் அடிப்பக்கத்துக்கும் ஒரு கோட்டிங் கொடுத்துவிடுங்கள். அதைவிட நல்லது, பெயர்ப்பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் சன்போர்டு என்ற பிவிசி பலகை, 5 மில்லிமீட்டர். தண்ணீர் பட்டாலும் அசையாது. மேற்பரப்பு வழவழப்பு என்பதால் பசை பிடிக்காது. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு ஒட்ட வேண்டும்.

மற்றவை: 18 மில்லிமீட்டர் பிளேடு போட்ட கட்டர், உபரி பிளேடுகள், வெள்ளை ஃபெவிகால், பல்குத்தி, சமையலறை அலுமினியம் ஃபாயில், சுவருக்குப் பூசும் புட்டி ஒரு கிலோ, பெயின்ட் கடையில் சின்ன பாட்டிலில் கிடைக்கும் கறுப்பு ஸ்டெய்னர் (நிறம் ஏற்றக் கலப்பது), கறுப்பு எமல்ஷன் பெயின்ட். அப்புறம் கைவினைக் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் நிறங்களில் வெள்ளை, லெமன் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு. மணலுக்கு எம்-சாண்ட். அது கருங்கல்லை நொறுக்கி எடுப்பது என்பதால் மணிகள் கூர்மூலையோடு இருக்கும், எரிமலைச் சரளைக்கு ஆற்று மணலைவிடப் பொருத்தம். கடற்கரை மணலை அப்படியே போடாதீர்கள், உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

வாங்கக் கூடாதவை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபெவிக்விக், தின்னர் கலந்த பசை, சாதாரண ஸ்ப்ரே பெயின்ட், இவை மூன்றும் தெர்மாகோலையும் எக்ஸ்.பி.எஸ்ஸையும் கரைத்துத் தின்றுவிடும். ஹாட் வயர் கட்டரும் இப்போதைக்கு வேண்டாம். புதியவர்கள் முதலில் ஆசைப்படுவது அதற்குத்தான். சூடான கம்பி வெட்டிய முகம் மழமழவென்று வரும். நமக்கு வேண்டியது நேர் எதிர். போதாததற்கு, தெர்மாகோலும் எக்ஸ்.பி.எஸ்ஸும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்; அது உருகும் புகை கெடுதல். பின்னால் கோட்டைச் சுவர், கட்டடம் செய்யும்போது ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்பியும் அடாப்டரும் வாங்கிக்கொள்ளலாம், மொட்டை மாடியில் காற்றோட்டமாக வைத்து வெட்டலாம்.

வெட்டாதீர்கள், பிளந்து எடுங்கள்

முதலில் அடித்தளம். சுமார் 25க்கு 18 சென்டிமீட்டரில், நேர்க்கோடே இல்லாத ஒழுங்கற்ற வடிவமாக வெட்டி, ஓரத்தைச் சாய்வாகச் சீவிவிடுங்கள். செங்குத்தான ஓரம் இருந்தால் மேசையில் தட்டு வைத்த மாதிரி தெரியும்.

இப்போது ஃபோம். எக்ஸ்.பி.எஸ் துண்டில் கட்டரால் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் ஒரு கோணல் கோடு போடுங்கள். துண்டை மேசை ஓரத்தில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துச் சட்டென்று கீழே அழுத்துங்கள். கத்தி பட்ட அரை சென்டிமீட்டர் வழவழப்பாகவும் மீதி முகம் சொரசொரப்பாகவும் பிளக்கும். அந்தச் சொரசொரப்பான முகம்தான் நமக்குத் தேவை. உற்றுப் பார்த்தால் அதில் சின்னச் சின்னச் செதில்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும், நடுவில் ஒரு இடத்தில் பெரிய சில்லு பெயர்ந்து குழி விழுந்திருக்கும். கையால் எவ்வளவு செதுக்கினாலும் அந்தத் தற்செயல் வராது. வழவழப்பான பகுதியைக் கத்தி நுனியால் கிள்ளிக் கிள்ளி எடுத்துவிடுங்கள். தெர்மாகோலாக இருந்தால் கோடு போடாமல் நேராகக் கையால் பிய்க்கலாம்; மணிகள் பறக்கும் என்பதால் ஃபேனை நிறுத்திவிட்டு, கீழே செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் கிடைத்ததும் ஒட்டாமல் அடுக்கிப் பாருங்கள். எல்லாவற்றையும் படுக்கை வாட்டில் அடுக்கினால் படிவுப் பாறை ஆகிவிடும். சில துண்டுகளைச் சாய்த்து, இரண்டு மூன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். எல்லாத் துண்டுகளும் ஏறக்குறைய ஒரே திசையில் சாய்ந்தால் அடியிலிருந்து ஏதோ தள்ளிக்கொண்டு வந்த வேகம் தெரியும். உச்சி நடுவில் இருக்க வேண்டாம், ஒரு ஓரமாகத் தள்ளி வையுங்கள். மினியேச்சரை நிறுத்திப் பாருங்கள். ஃபோனைத் தரை மட்டத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். திருப்தியானால் ஒட்டலாம்.

ஃபெவிகாலை முகம் முழுக்கப் பூசாதீர்கள். இரண்டு ஃபோம் முகங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பசைக்குக் காற்றே போகாது. ஓரம் காய்ந்து நடு ஈரமாகவே நாள்கணக்கில் கிடக்கும். பொட்டுப் பொட்டாக வைத்து, நடுவே இடைவெளி விட்டு, பல்குத்தியை இரண்டு மூன்று இடத்தில் ஆணியாகக் குத்தி இறுக்குங்கள். இராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். மழை நாளில் இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். க்ளூ கன் வைத்திருப்பவர்கள் பசையைப் பிழிந்ததும் சில விநாடி ஆறவிட்டு ஒட்டலாம். கொதிக்கக் கொதிக்க வைத்தால் ஃபோம் உருகும்.

ஓடைக்கு ஒரு வழி வேண்டும்

பாறை ஒட்டி நிமிர்ந்ததும் குழம்பு எங்கே வெளியேறுகிறது, எந்த வழியாக இறங்குகிறது, எங்கே தேங்குகிறது என்று பேனாவால் வரைந்துவிடுங்கள். இது கற்பனைதான், ஆனாலும் கற்பனைக்கும் ஒரு நியாயம் வேண்டும். குழம்பு பள்ளம் பார்த்துத்தான் ஓடும். மேலே குறுகலாகப் பீறிட்டு, சரிவில் ஒடுங்கி, கீழே சமதளத்தில் விரிந்து குட்டையாக நிற்கும். ஓரங்கள் முதலில் ஆறிவிடுவதால் இரண்டு கரையிலும் வரப்புக் கட்டிக்கொண்டு போகும். அந்த வரப்பைச் செய்யாமல் வெறும் பள்ளம் மட்டும் தோண்டினால் ஓடை பாறைமேல் ஒட்டிய ரிப்பனாகிவிடும்.

கட்டரை இரு பக்கமும் சாய்த்துப் பிடித்து ஆங்கில ‘V’ வடிவ வெட்டாக ஓடையைத் தோண்டுங்கள். தோண்டிய துண்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம், பொடித்துக் கரை வரப்பாக ஒட்டிவிடலாம். ஓடையிலிருந்து பக்கவாட்டில் முடிமாதிரி மெல்லிய விரிசல்கள் பிரிந்து போகட்டும். எல்லா விரிசலும் ஓடையோடு எங்காவது சேர வேண்டும். தனியாக நடுப்பாறையில் ஒரு விரிசல் எரிந்தால் அதற்கு நெருப்பு எங்கிருந்து வந்தது என்று கண் கேட்கும்.

குட்டையின் மேற்பரப்பில் ஆறிய ஓடு மிதக்க வேண்டும். காய்ச்சிய பாலில் ஆடை படிந்து, கரண்டி பட்டதும் மடிந்து ஒதுங்குகிறதே, குழம்பின்மேல் இந்த ஆறிய ஓடும் அதே விதமாகத்தான் படிகிறது. அதற்கு எக்ஸ்.பி.எஸ்ஸில் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவிய சில்லுகளைப் பிய்த்து, கரையோரம் நெருக்கமாகவும் நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் ஒட்டுங்கள். குழம்பு வெளிவரும் வாய்ப்பக்கம் ஒன்றும் வேண்டாம். அங்கே ஆறுவதற்கு நேரமே இல்லை.

பிறகு பாறை முழுக்க முகத்தைக் கரடாக்க வேண்டும். அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கி, திருப்பித் திருப்பி அழுத்துங்கள். ஒரே பக்கத்தால் அழுத்தினால் ஒரே அச்சு திரும்பத் திரும்ப விழும். வாயுக் குமிழ் வெடித்த ஓட்டைகளுக்குப் பழைய பால்பாயின்ட் பேனாவின் மூடிய முனையும் தீட்டிய பென்சிலும் போதும். கூட்டமாக ஓரிடம், வெறுமையாக ஓரிடம் என்று குத்துங்கள். படிகளின் தளத்தை மட்டும் விட்டுவிடுங்கள், மினியேச்சர் நிற்க வேண்டும்.

தோல் பூசுவது

ஃபோம் மென்மையானது, நகம் பட்டாலே தடம் விழும். அதனால் ஓடு ஒன்று தேவை. புட்டி இரண்டு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, பிரஷில் எடுத்தால் சொட்டாமல் மெதுவாக இறங்கும் பதத்துக்குத் தண்ணீர், கறுப்பு ஸ்டெய்னர் தாராளமாக. ஸ்டெய்னர் சேர்ப்பதில் ஒரு லாபம், நாளைக்கு விளையாட்டில் ஓரம் உடைந்தாலும் உள்ளே வெள்ளை தெரியாது. கலந்ததை உடனே பூசிவிடுங்கள், புட்டி சீக்கிரம் இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்வது நல்லது.

முதல் கோட்டிங்கை மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள். இரண்டாவது கோட்டிங் ஈரமாக இருக்கும்போதே எம்-சாண்டைத் தூவுங்கள். டீ வடிகட்டியில் சலித்த பொடி பாறை முகத்துக்கு, வடிகட்டியில் தங்கிய பருமணல் அடிவாரத்துக்கு. கல் உடைந்தால் அடியில்தான் சேரும், ஆகவே பாறையின் காலடியிலும் பள்ளங்களிலும் அதிகம் போடுங்கள். ஓடைக்குள் மணல் விழுந்தால் பிரஷால் துடைத்துவிடுங்கள், குழம்பு வழவழப்பாகவே இருக்க வேண்டும். தெர்மாகோலில் செய்தவர்கள் முதல் கோட்டிங்குக்குப் பிறகு டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஃபெவிகால் தண்ணீரில் நனைத்து ஒட்டினால் மணிகள் சுத்தமாக மறையும். நவராத்திரிக் கொலுவுக்குப் பார்க் கட்டி மலை வைத்துப் பழகிய கை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கட்டத்தில் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். காகிதத்தைப் பாறையாக மடிக்கும் அந்தக் கைப்பக்குவம் எழுத்தில் வராது.

ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

பெயின்ட்: உள்ளிருந்து வெளியே

முழுப் பாறைக்கும், ஓடை உட்பட, கறுப்பு எமல்ஷன். கொஞ்சம் பழுப்பு கலந்துகொண்டால் நல்லது. காய்ந்ததும் ஓடையிலிருந்து தொடங்குங்கள்.

உண்மைக் குழம்பு எப்படி நிறம் மாறுகிறது என்று ஒரு நிமிடம் பார்ப்போம். பசால்ட் (கறுப்பு எரிமலைக் கல்) குழம்பு வெளிவரும்போது 1100 முதல் 1200 டிகிரி செல்சியஸ் இருக்கும். அந்தச் சூட்டில் மஞ்சளாக எரியும். 900 டிகிரிப் பக்கம் இறங்கினால் ஆரஞ்சு. இன்னும் இறங்கினால் சிவப்பு, 600 டிகிரிப் பக்கம் மங்கிய செங்கருமை, பிறகு கறுப்பு. ஆக நிறம் என்பது இங்கே சூடு. வாயிலிருந்து குட்டைக்குப் போகப் போகச் சூடு குறைகிறது. நடுவிலிருந்து கரைக்குப் போகப் போகச் சூடு குறைகிறது. அடியிலிருந்து மேலே வர வரச் சூடு குறைகிறது. பிரஷை எங்கே வைத்தாலும் இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டால் எந்த நிறம் என்று பதில் கிடைத்துவிடும்.

முதலில் ஓடைக்கும் விரிசல்களுக்கும் உள்ளே வெள்ளை, இரண்டு கோட்டிங். இதைத் தாண்டிப் போகவே கூடாது. மஞ்சளுக்கு மூடும் சக்தி குறைவு. கறுப்பின்மேல் நேராக அடித்தால் பாசி படிந்த பச்சையாகத் தெரியும். வெள்ளை காய்ந்ததும் அதன்மேல் முழுக்க லெமன் மஞ்சள். அது காய்வதற்குள் கரையோரத்திலிருந்து ஆரஞ்சைக் கொண்டுவந்து நடுவை நோக்கி இழுங்கள், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஈரமாக உரசிக் கலக்கட்டும். நடு ஆழத்தில் மஞ்சள் அப்படியே நிற்க வேண்டும். அடுத்து சிவப்பு, கரையின் உதட்டில் மட்டும், மெல்லிசாக. மெல்லிய விரிசல்களில் வாய்ப்பக்கம் மஞ்சள், நடுவே ஆரஞ்சு, நுனியில் சிவப்பு, அப்படியே கறுப்பில் கரைந்து போக வேண்டும்.

இப்போது மிதக்கும் ஓடுகள். அவற்றின்மேல் ட்ரை பிரஷ். பழைய பிரஷில் கறுப்பைத் தொட்டு, செய்தித்தாளில் தேய்த்துத் தேய்த்து, பெயின்டே இல்லை என்று தோன்றும் அளவுக்குத் துடைத்துவிட்டு, ஓட்டின் மேல்முகத்தில் மட்டும் இலேசாக உரசுங்கள். மேல்முகம் கரியாகி, ஓரம் மட்டும் செந்நெருப்பாகத் தங்கும். இந்த இடத்தில்தான் பாறைக்கு உயிர் வரும். எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிகவும் பிடித்த பத்து நிமிடம் இதுதான். கடைசியாக, வாய்ப்பக்கமும் ஓடையின் அகலமான ஆழத்திலும் வெள்ளையில் துளி மஞ்சள் கலந்து நாலைந்து பொட்டு வைத்துவிடுங்கள்.

அடுத்து பாறை. கறுப்பில் கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் பழுப்பு கலந்து அடர் சாம்பல் நிறம் செய்து, முனைகளில் மட்டும் ட்ரை பிரஷ். இங்கே கையைக் கட்டிப்போடுங்கள். வடிவம் தெரியும் அளவுக்குப் போதும். பாறை வெளுக்க வெளுக்கக் குழம்பின் ஒளி செத்துவிடும், ஏனென்றால் ஒளி என்று நாம் நினைப்பது பக்கத்தில் இருக்கும் இருட்டைத்தான் நம்பியிருக்கிறது.

பிறகு குழம்பின் வெளிச்சம் பாறைமேல் விழுவது. எங்கே விழும் என்று ஊகிக்க வேண்டாம், நேரிலேயே பார்த்துவிடலாம். அறை விளக்கை அணைத்துவிட்டு, சின்ன டார்ச் ஒன்றை ஓடைக்குள் மேல்நோக்கி வைத்து ஒளிரவிடுங்கள். எந்த முகத்தில் வெளிச்சம் பட்டது, எது இருட்டிலேயே நின்றது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒளி பட்ட முகங்களில் மட்டும் ஆரஞ்சால் ட்ரை பிரஷ் செய்யுங்கள். பிரஷ் எப்போதும் ஓடையிலிருந்து வெளியே போக வேண்டும், மேலிருந்து கீழே வரக் கூடாது. ஓடையை ஒட்டி இரண்டு சென்டிமீட்டருக்கு ஆரஞ்சு, அதைத் தாண்டி இன்னும் ஒரு சென்டிமீட்டருக்குச் சிவப்பு, அவ்வளவுதான். ஓடைக்கு முதுகைக் காட்டும் பாறை முகத்தில் ஒரு துளிகூடப் படக் கூடாது. அந்த இருட்டு முகம்தான் இந்தப் பக்கத்து வெளிச்சத்தை நம்ப வைக்கிறது.

நடுத்தரப் பாறைகளுக்கும் சின்னக் கற்களுக்கும் குழம்பு தேவையில்லை. ஒன்றிரண்டில் அடியோரமாக மங்கிய சிவப்பு விரிசல் போதும். மேசையில் எல்லாமே எரிந்தால் எதுவும் எரிவதாகத் தெரியாது.

சாம்பலும் பளபளப்பும்

தெருவில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுபவர் இருந்தால் ஒரு கைப்பிடி ஆறிய சாம்பல் கேட்டு வாங்குங்கள். டீ வடிகட்டியில் சலித்து, ஓடையிலிருந்து தள்ளி இருக்கும் படிகளிலும் பொந்துகளிலும் தூவி, ஊதி மிச்சத்தை எடுத்துவிட்டு, ஃபெவிகால் கலந்த தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் போட்டுத் தூரத்திலிருந்து பனியாக அடியுங்கள். பாறைக்குத் தண்ணீரில் கலக்கும், மினுங்காத மேட் வார்னிஷ், குழம்புக்கு மட்டும் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ். அந்த மினுமினுப்பு குழம்பு இன்னும் உருகிய நிலையில் இருப்பதைக் காட்டும். ஸ்ப்ரே கேனில் வரும் வார்னிஷ் வேண்டாம். பூச்சில் எங்காவது ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் உள்ளே போய் ஃபோமைக் கரைக்கும்.

வைத்துக் காப்பது

வெட்டிய தூளையும் மணிகளையும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்துக் குப்பையில் போடுங்கள். சாக்கடையில் போக விடாதீர்கள், போகிக்கு எரிக்கும் குவியலிலும் சேர்க்காதீர்கள். பாலிஸ்டைரீன் எரிந்தால் வரும் கரும்புகை மூச்சுக்குள் போகக் கூடாத ஒன்று. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

செய்த பாறையை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போக வேண்டாம். கறுப்பு நிறம் சூட்டை இழுக்கும், பசை விட்டுக்கொடுக்கும். அட்டைப்பெட்டியில் வைத்துப் பரண்மேல் ஏற்றலாம், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காது. ஆனால் துணி பீரோவில் போடும் அந்துருண்டையைப் பெட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். அதில் இருக்கும் நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீனை மெல்ல மெல்ல இளக்கிவிடும். பாறை மட்டும்தான் பாலிஸ்டைரீன் என்று நினைக்காதீர்கள். அச்சுச் சட்டத்திலிருந்து வெட்டி ஒட்டும் பிளாஸ்டிக் மினியேச்சர்களில் பெரும்பாலானவை அதே பொருள்தான்.